மீட்டர் காட்டாத சூடு: ஒரு ஸ்டெர்ன்டிரைவ் படகின் நிகழ்வு ஆய்வு

ஐக்கிய அரபு அமீரகக் கடற்கரையில், நான் வேலை பார்க்கும் படகுப் பட்டறைக்கு ஒரு ஜூலை மாதம் வந்த படகின் கதை இது. எங்களுக்கு முன்பே இரண்டு இடங்களில் பார்த்துவிட்டார்கள். எஞ்சின் சூட்டை நாங்கள் தீர்த்தோம். படகின் பின்னால் தொங்கும் கியர்க் காலான லெக்கின் சூட்டில் தவறான முடிவெடுத்தேன். அதற்கான விலையைப் படகுக்காரர் கொடுத்தார். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். ஆட்களின் பெயரோ படகின் பெயரோ இதில் வராது.

## பின்னணி

27 அடி நீளம், முன்னால் சிறு அறை உள்ள குடும்பப் படகு. வயது எட்டு. இப்போதைய உரிமையாளர் வாங்கி இரண்டு வருடம். ஒரே ஒரு 5.7 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின், சுமார் 250 குதிரைத்திறன். எஞ்சின் ஓடிய மணிநேரத்தை எண்ணும் மணிமீட்டர் 410 காட்டியது. கோடையிலும் படகு தண்ணீரிலேயே கட்டிக் கிடந்தது. வாரக்கடைசியில் மட்டும் வெளியே போகும்.

ஸ்டெர்ன்டிரைவ் என்பது எஞ்சின் படகுக்குள்ளும் கியர்கள் பின்பலகைக்கு வெளியே தொங்கும் காலிலும் இருக்கிற அமைப்பு. 1959-இல் வால்வோ பென்டா ‘அக்வாமேட்டிக்’ என்று சந்தைக்குக் கொண்டுவந்ததிலிருந்து அடிப்படை மாறவில்லை. அந்தக் காலைப் பட்டறையில் லெக் என்போம். எஞ்சினிலிருந்து நேராக வரும் விசை லெக்கின் மேல்பெட்டியில் 90 டிகிரி திரும்பிக் கீழே இறங்கும். அடிப்பெட்டியில் இன்னொரு 90 டிகிரி திரும்பிப் புரொப்பெல்லருக்குப் போகும். திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் விசை சூடாகும். 250 குதிரைத்திறன் என்றால் ஏறக்குறைய 186 கிலோவாட். அதில் ஒரு சதவீதம் சூடானாலே, ஒரு சிறிய அலுமினியப் பெட்டிக்குள் இரண்டு இஸ்திரிப் பெட்டியை விடாமல் எரியவிட்ட கணக்கு.

இந்தப் படகில் கடல்நீர் போகும் வழியையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதெல்லாம் அதைத் தொட்டுத்தான். லெக்கின் அடியில் இருபுறமும் உள்ள துளைகளில் நுழையும். லெக்கின் வழியாக, பின்பலகையில் லெக்கைத் தாங்கி நிற்கும் கூடான கிம்பல் ஹவுசிங்குக்கு வரும். அங்கிருந்து ஹோஸ் வழியாகப் பவர் ஸ்டீயரிங் கூலர், அதன்பின் எஞ்சினின் முன்பக்கம் உள்ள கடல்நீர் பம்பு. பம்புக்கு அப்பால் ஹீட் எக்ஸ்சேஞ்சர், எஞ்சினின் இருபுறமும் புகையைச் சேர்த்து வாங்கும் இரண்டு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகள், அவற்றின் மேலுள்ள வளைகுழாய்களான எல்போக்கள், கடைசியில் புகையோடு கலந்து வெளியே. எஞ்சின் பிளாக்கில் ஓடுவது கூலன்ட் என்னும் தனித் திரவம், அதன் சூட்டை ஹீட் எக்ஸ்சேஞ்சரில் குழாய்ச் சுவர் வழியாகக் கடல்நீர் வாங்கிக்கொள்ளும். கடல்நீர் அதை நேராகத் தொடாது.

வளைகுடாக் கடலின் குணம் தனி. கோடையில் மேல்மட்டத் தண்ணீர் 33, 34 டிகிரிக்குப் போய்விடும். திறந்த கடலில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு என்றால் இங்கே 40 தாண்டும். குளிர்விக்க வேண்டிய தண்ணீரே பாதிச் சூட்டோடு வருகிறது, உப்பும் அதிகம், படகில் ஒட்டி வளரும் ஓட்டுயிரான கொட்டலசு வேறு வேகமாகப் பிடிக்கும். குளிர்ந்த ஏரியில் பத்து வருடம் சமாளித்துக்கொண்டு போகிற ஒரு குறை, இங்கே ஒரே கோடையில் வெளியே வந்துவிடும்.

## எங்களிடம் வருவதற்கு முன்

ஜூன் முதல் வாரம் திரும்பி வரும்போது சூட்டு அலாரம் அடித்திருக்கிறது. முதல் பட்டறையில் இம்பெல்லரை, அதாவது கடல்நீர் பம்புக்குள் சுற்றித் தண்ணீரை உறிஞ்சும் ரப்பர் இறக்கைச் சக்கரத்தை, மாற்றினார்கள். கரையில் ஓட்டிப் பார்த்தார்கள், சரியாக இருந்தது, அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரத்தில் மறுபடியும் அலாரம். அடுத்த பட்டறையில், கூலன்ட் சூடானதும் திறந்து வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, இனித் தடையில்லாமல் ஓடும் என்றார்கள். ஜூலையில் குடும்பத்தோடு போனபோது மீட்டர் 100-ஐத் தொட்டது, ரப்பர் கருகிய வாடை அடித்தது, எஞ்சினை நிறுத்தினார். வேறொரு படகு இழுத்து வந்தது. உள்ளே இரண்டு சிறு பிள்ளைகள் இருந்தார்கள்.

அவர் எங்களிடம் கேட்டது இரண்டு. இம்பெல்லரை மறுபடி மாற்ற வேண்டும். லெக்கின் மேல் தண்ணீர் தெளிக்கும் டிரைவ் ஷவர் ஒன்றைப் பொருத்த வேண்டும். ஷவர் போட்டால் எல்லாச் சூடும் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

## முதல் நாள்: பார்த்தவை

படகைக் கரையேற்றியதும் வெளியிலிருந்தே நான்கு விஷயம் தெரிந்தது. தண்ணீர்த் துளைகளில் பாதிக்கு மேல் கொட்டலசு. லெக்கின் மேல்மூடியில் கறுப்புப் பெயின்ட் பழுப்பேறி, ஓரங்களில் பொரி மாதிரி உப்பியிருந்தது. வலதுபுற எக்ஸாஸ்ட் குழாயின் ரப்பர்த் தட்டு உருகி மடங்கிக் கிடந்தது. இடதுபுறத் தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. துத்தநாகக் கட்டிகளின் மேல் லெக்கோடு சேர்த்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் பூசிய கட்டி அரிமானத்தைத் தன் மேல் வாங்காது. அரிப்பு முழுவதும் லெக்கின் அலுமினியத்துக்குத்தான் போகும்.

கொட்டலசைச் சுரண்டி, துளைகளில் இயர்மஃப் என்னும் ரப்பர்க் கிண்ணங்களை மாட்டி, அவற்றின் வழியே வரும் குழாய்த் தண்ணீரில் எஞ்சினை ஓட்டினேன். பதினைந்து நிமிடம் ஆகியும் மீட்டர் 50-ஐத் தாண்டவில்லை. தெர்மோஸ்டாட் இல்லாததால் அப்படித்தான் நிற்கும். தண்ணீரும் தாராளமாக வந்தது. கொட்டலசுதான் காரணம் போலிருக்கிறது, தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டு அனுப்பிவிடலாம் என்று அன்று சாயங்காலம் நினைத்தேன். முதல் பட்டறை செய்ததையே நானும் செய்ய இருந்தேன்.

அந்த வலதுபுற ரப்பர்த் தட்டுதான் தடுத்தது. கொட்டலசு அடைத்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் சூடாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஏன் உருகியது?

## இரண்டாம் நாள்: வாளிச் சோதனை

காலையில் படகைத் தண்ணீரில் இறக்கி, கயிறு கட்டி நிறுத்தினோம். பம்பிலிருந்து ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி வாளிக்குள் விட்டு, 1000 ஆர்.பி.எம்.மில் சரியாக 15 விநாடி ஓட்டினோம். அந்த 15 விநாடி எக்ஸாஸ்டுக்குத் தண்ணீர் கிடையாது, அதனால் உடனே நிறுத்திவிட வேண்டும். வாளியில் வந்தது 4 லிட்டர். பம்பு எஞ்சின் முன்னால் இருக்கும் இந்த வகைக்குக் குறைந்தது ஏறக்குறைய 7 லிட்டர் வர வேண்டும்.

முந்தின நாள் கரையில் தாராளமாக வந்த தண்ணீர், கடலில் ஏன் பாதியானது? இயர்மஃபில் குழாய்த் தண்ணீர் தன் அழுத்தத்தால் உள்ளே தள்ளப்படுகிறது. வழியில் குறுகல் இருந்தாலும் அது பிதுங்கிப் போய்விடும். கடலில் தள்ள ஆளில்லை. பம்புதான் உறிஞ்ச வேண்டும். ஆகவே கரையில் சரி, கடலில் பாதி என்றால் அடைப்பு பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கம் இருக்கிறது என்று பொருள். இதை நான் படித்திருக்கிறேன், பலமுறை பார்த்தும் இருக்கிறேன். ஆனாலும் முதல் நாள் கரைச் சோதனையை நம்பினேன்.

ஹோஸைத் திரும்ப மாட்டி, 2000-இல் பத்து நிமிடம் ஓட்டி, லேசர் வெப்பமானியால் எல்போக்களைப் பார்த்தோம். இடது 58 டிகிரி, வலது 96.

அப்போது உரிமையாளர் லாக்கரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துத் தந்தார். ஜூனில் கழற்றிய பழைய இம்பெல்லர் அதில் இருந்தது. மூன்று இறக்கைகள் வேரோடு இல்லை. அந்த மூன்று துண்டுகளும் எங்கே போயின என்று இதுவரை யாரும் தேடவில்லை.

## தண்ணீர் போன வழியே போனது

பாகம் பாகமாக மாற்றுவதை விட்டுவிட்டு, துளையில் தொடங்கி எக்ஸாஸ்ட் வரை தண்ணீர் போகும் வழியிலேயே ஒவ்வொரு இணைப்பாகத் திறப்பது என்று முடிவு செய்தேன். நேரம் அதிகம் பிடிக்கும். ஆனால் மூன்றாவது முறையாகவும் ஊகத்தில் ஒரு பாகத்தை மாற்றிவிட்டு, பிள்ளைகளோடு இவரைக் கடலுக்கு அனுப்ப எனக்கு மனமில்லை.

லெக்கை இறக்கினோம். கிம்பல் ஹவுசிங்கில் தண்ணீர் உள்ளே வரும் இணைப்பில் முதல் காரணம் இருந்தது. அங்கே அலுமினியத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் குழல் உட்கார்ந்திருக்கும். அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாக உப்பி, அந்தக் குழலை எல்லாப் பக்கமும் நெருக்கியிருந்தது. பெருவிரல் போக வேண்டிய வாயில் சுண்டுவிரல் முதல் கணுவோடு நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸும் கிளிப்பும் புதிதுபோல் இருக்கும், கழற்றினால்தான் தெரியும்.

பவர் ஸ்டீயரிங் கூலரின் வாயில் ஓட்டுத் துகள்களும் நார்நாராகக் கடற்புல்லும். ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மூடியைத் திறந்ததும் குழாய்களின் வாயை அடைத்தபடி ரப்பர்த் துண்டுகள். இரண்டு முழு இறக்கை, மூன்றாவது மட்டும் பிய்ந்து சிறு துணுக்குகளாக. வலது எல்போவைக் கழற்றினால் உள்ளே தண்ணீர்ப் பாதை துருச் செதில்களால் முக்கால்வாசி மூடியிருந்தது. அந்தத் துணுக்குகளில் ஒன்று அங்கேயும் சிக்கியிருந்தது. இடது எல்போவும் நல்ல நிலையில் இல்லை. உப்புத் தண்ணீரில் மூன்று முதல் ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டிய பாகம். பழைய பில்களில் மாற்றியதாகத் தடயம் இல்லை.

இப்போது வரிசை விளங்கியது. உள்வரும் இணைப்பு நெருங்கியது. பம்புக்குத் தண்ணீர் போதவில்லை. வறண்டு சுற்றிய இம்பெல்லர் சூட்டில் இறக்கைகளை உதிர்த்தது. அவை எக்ஸ்சேஞ்சரை அடைத்தன. ஏற்கெனவே துருவேறிய வலது எல்போவுக்குத் தண்ணீர் கிட்டத்தட்ட நின்றுபோய் ரப்பர்த் தட்டு உருகியது. ஜூனில் போட்ட புது இம்பெல்லர் இந்தச் சங்கிலியின் நடுக்கண்ணியை மட்டும் மாற்றியது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றியது நிலைமையை மோசமாக்கியது. அது இல்லாவிட்டால் கூலன்ட் எக்ஸ்சேஞ்சர் வழியாக ஒழுங்காகச் சுற்றாமல் குறுக்குவழியில் எஞ்சினுக்கே திரும்பிவிடும். மெதுவாக ஓடும்போது குளிர்ந்தே இருக்கும், வேகம் எடுத்தால் சூடேறும்.

## லெக்கின் எண்ணெய்

எஞ்சின் கதை இதோடு முடிந்தது. ஆனால் மேல்மூடியில் பொரிந்திருந்த பெயின்ட் என் மனதை விட்டுப் போகவில்லை. மீட்டர் எஞ்சின் கூலன்ட்டின் சூட்டை மட்டுமே காட்டும். லெக்கின் சூட்டைச் சொல்ல இந்தப் படகில் எதுவும் இல்லை. படகு எழும்பி வேகம் பிடித்தால் அடிப்பெட்டி ஓடும் கடலுக்குள் இருக்கும். மேல்பெட்டியோ காற்றிலும் தெறிக்கும் நீரிலும் நிற்கும். மேலே உண்டாகும் சூட்டைக் கீழே கொண்டுபோய்க் கடலில் விடுவது கியர் ஆயில்தான். அது குறைந்தால் முதலில் காய்வது மேல்பெட்டி.

என்னோடு வேலை பார்க்கும் ராமநாதபுரம் பக்கத்துத் தம்பி, எஞ்சின் அருகே மாட்டியிருந்த, லெக்குக்கு எண்ணெய் ஊட்டும் ஆயில் பாட்டிலைக் காட்டிக் கேட்டான்: “அண்ணே, பாட்டில் ஃபுல்லாத்தானே இருக்கு. லெக்ல எண்ணெய் எப்படிக் குறையும்?”

“வடிச்சு அளந்து பாத்துருவோம் தம்பி” என்றேன்.

வடிந்தது 1.9 லிட்டர். பாட்டிலோடு சேர்த்து அந்த லெக் சுமார் 2.6 லிட்டர் பிடிக்கும். வந்த எண்ணெயும் கறுத்து, கருகிய வெங்காயம் போல் நாறியது. பால்போல் வெளுக்கவில்லை, ஆகவே தண்ணீர் கலக்கவில்லை. வடிப்பு ஆணியின் காந்தத்தில் மெல்லிய சாம்பல்நிறக் குழைவு இருந்தது. இந்த மணிநேரத்துக்கு அது சாதாரணம்.

பாட்டிலிலிருந்து லெக்குக்குப் போகும் மெல்லிய ஹோஸ் கசண்டால் அடைபட்டிருந்தது. பாட்டிலில் உள்ள எண்ணெய் கீழே இறங்கவே இல்லை. அதனால் எப்போதும் நிறைந்தே தெரிந்தது. மார்ச் மாத சர்வீஸில் ஆயிலை லெக்கின் மேல் துளையில் வேறொரு பாட்டிலை வைத்துப் பிழிந்து நிரப்பியதை உரிமையாளரே நேரில் பார்த்திருக்கிறார். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும், நிறைந்தது போலத் தோன்றும். கீழ்த் துளையில் பம்பை மாட்டி மெதுவாக ஏற்ற வேண்டும். மேல் துளையில் குமிழி இல்லாமல் எண்ணெய் வழிந்ததும் அதை மூடி, இன்னும் ஏற்றினால் பாட்டிலில் மட்டம் உயரும். உயர்ந்தால் ஹோஸ் திறந்திருக்கிறது என்றும் அப்போதே தெரிந்துவிடும்.

## எடுத்த முடிவுகள்

கிம்பல் ஹவுசிங்கின் இணைப்பைத் துப்புரவாகச் சுரண்டிப் புதுக் குழல் போட்டோம். இரண்டு எல்போ, இம்பெல்லர், 71 டிகிரி தெர்மோஸ்டாட், ரப்பர்த் தட்டுகள், ஆயில் ஹோஸ் எல்லாம் புதிது. லெக் வெளியே இருக்கும்போதே யூ-ஜாயின்ட் பெல்லோஸை, அதாவது லெக்குக்குப் போகும் தண்டின் மூட்டை மூடியிருக்கும் மடிப்பு ரப்பர்க் குழாயை, விரித்துப் பார்த்தோம். மடிப்புகளில் மயிரிழை வெடிப்பு. லெக்கை உயர்த்தி வைத்தே படகைக் கட்டும் பழக்கத்தால் அது எப்போதும் இழுபட்டே இருந்திருக்கிறது. அந்த ரப்பர் கிழிந்தால் படகுக்குள் தண்ணீர் வரும். அதில் பேரம் கிடையாது, மாற்றினோம். அந்தத் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங் சுற்றும்போது கரகரத்தது, அதையும் மாற்றினோம்.

டிரைவ் ஷவரை அப்போது வேண்டாம் என்றேன். எண்ணெயே இல்லாத பெட்டியின் மேல் தண்ணீர் ஊற்றினால் பெயின்ட் குளிரும், பல்சக்கரம் குளிராது. முதலில் எண்ணெய் சரியான அளவில் ஓடட்டும், பிறகு அளந்து பார்த்து முடிவு செய்யலாம். இந்த முடிவில் இப்போதும் எனக்குச் சந்தேகம் இல்லை.

தவறிய முடிவு வேறு. மேல்பெட்டியைத் திறந்து பார்த்தபோது பற்கள் நன்றாக இருந்தன. திரும்ப மூடிவிட்டு, கசிவு இருக்கிறதா என்று பார்க்க 12 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் கொடுத்தோம், பத்து நிமிடம் இறங்கவில்லை. ஆனால் ஒரு பேரிங்கின் ஓடுபாதையில் லேசான தேநீர் நிறம் தெரிந்தது. சூடு கண்ட எஃகின் நிறம் அது. செலவு ஏற்கெனவே ஏறியிருந்தது. உரிமையாளர் முகத்தைப் பார்த்து, இன்னும் ஒரு பருவம் ஓடட்டும், காந்தத்தைக் கவனிப்போம் என்று விட்டேன். அந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று அவரிடம் விளக்கி, முடிவை அவரிடம் விட்டிருக்க வேண்டும். செய்யவில்லை.

## பின்னர் நடந்தவை

தண்ணீரில் இறக்கியதும் வாளிச் சோதனையில் 8 லிட்டருக்குச் சற்று மேல் வந்தது. கடலோட்டத்தில் 3500 ஆர்.பி.எம்.மில் இருபது நிமிடம் ஓடியும் மீட்டர் 77-இல் அசையாமல் நின்றது. எல்போக்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று மூன்று டிகிரிக்குள். அன்று கடல்நீர் 34 டிகிரி. எஞ்சின் பக்கம் அதன்பிறகு இதுவரை புகார் இல்லை.

சூடு பட்டால் நிரந்தரமாகக் கறுக்கும் ஒட்டுப் பட்டையை லெக்கின் மேல்மூடியில் ஒட்டி அனுப்பினோம். படகை நிறுத்திவிட்டு லேசரில் அளப்பதற்குள் சூடு இறங்கிவிடும். பட்டை ஓடும்போது எட்டிய உச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செப்டம்பரில் பார்த்தபோது அதில் 80 டிகிரிக் கட்டம் வரை கறுத்திருந்தது, 90 வெள்ளையாகவே இருந்தது.

ஜனவரியில், எங்களிடமிருந்து போய் 60 மணிநேரம் ஓடியபின் ஆயில் மாற்ற வந்தது. காந்தத்தில் குழைவுக்குப் பதிலாக, நகத்தால் கீறினால் கிர்ரென்று உறுத்தும் செதில்கள். மேல்பெட்டியைத் திறந்தோம். அந்தத் தேநீர் நிற ஓடுபாதை உரிந்துபோய், உதிர்ந்த உலோகம் பல்சக்கரங்களையும் கடித்திருந்தது. ஜூலையில் ஒரு பேரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, பல்சக்கரத் தொகுதி முழுவதுமாக வளர்ந்தது. எங்கள் கூலியை விட்டுக்கொடுத்தோம், பாகங்களின் விலை அவர் கையிலிருந்து போனது. அவர் கோபப்படவில்லை. ஜூலையிலேயே அது தெரிந்ததா என்று மட்டும் கேட்டார். தெரிந்தது என்றேன்.

இரண்டாம் பருவத்தில் பிள்ளைகளை மிதவையில் இழுத்து விளையாடத் தொடங்கினார்கள். குறைந்த வேகத்தில் கனமான இழுவை, அடிக்கடி விசை கொடுப்பது. லெக்குக்கு அதுதான் கடினமான வேலை. புதுப் பட்டையில் 90 கட்டமும் கறுத்தது. இப்போது எண்ணெய் சரியாக இருந்தும் சூடு ஏறுகிறது என்பதால் ஷவரைப் பொருத்தினோம். அதே வேலையில் அடுத்த பட்டை 70-ஐத் தாண்டவில்லை. ஷவரின் பயன் உண்மையானதுதான். ஆனால் முந்தின ஜூலையில் பொருத்தியிருந்தால் பேரிங்கின் நிறத்தை இன்னும் கொஞ்ச நாள் மறைத்திருக்கும், அவ்வளவே.

## மாற்றிக்கொண்டவை

சூடு என்று எந்த ஸ்டெர்ன்டிரைவ் வந்தாலும் இப்போது கரைச் சோதனையை வைத்து எதையும் முடிவு செய்வதில்லை. தண்ணீரில் இறக்கி வாளி வைத்தபின்தான் பேச்சு. பம்பு லெக்குக்குள்ளேயே இருக்கும் வகைகளில் வரவேண்டிய அளவு இதைவிடக் குறைவு. அந்தந்தக் கையேட்டைப் பார்த்துக்கொள்கிறோம்.

பழைய இம்பெல்லரைக் கழற்றினால் இறக்கைகளை எண்ணுகிறோம். ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும்வரை மூடியைப் பூட்டுவதில்லை. நான் மிகவும் பிடிவாதமாக இருக்கும் விதி இதுதான். தேடுவதற்கு அரைநாள் ஆகும், அதற்குத் தனிக் கூலி கேட்க வாடிக்கையாளரிடம் சங்கடப்பட வேண்டியிருக்கும். ஆனாலும் தேடாமல் விடக்கூடாது.

லெக்கின் ஆயிலை வடிக்கும்போதெல்லாம் அளந்து எழுதுகிறோம். 100 மணிநேரம் அல்லது வருடத்துக்கு ஒருமுறை என்பது பொது வழக்கம். கோடை முழுவதும் இந்தக் கடலில் கிடக்கும் படகுகளுக்கு 50 மணிநேரம் என்று வைத்திருக்கிறோம். சூட்டின் நிறம் கண்ட பேரிங்கைத் திரும்பப் போடுவதில்லை. உரிமையாளர் வேண்டாம் என்றால், ஏன் வேண்டும் என்பதைக் கண்முன் காட்டி, அவர் கையெழுத்தோடு விடுகிறோம்.

உரிமையாளர் தரப்பிலும் சில மாறின. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பத்து நிமிடம் நல்ல தண்ணீரில் கழுவுகிறார். படகை இப்போது தண்ணீருக்கு மேலே தூக்கி வைக்கும் லிஃப்டில் ஏற்றி, லெக்கைத் தாழ்த்தி வைக்கிறார். உள்ளே தண்ணீர் தேங்காது, பெல்லோஸும் இழுபடாது. துத்தநாகக் கட்டிகளில் பெயின்ட் கிடையாது, பாதி கரைந்ததும் மாற்றுகிறோம். லெக்குக்குத் தாமிர ஆக்ஸைடு கலந்த பாசி தடுப்புப் பெயின்ட் அடிப்பதையும் நிறுத்தினோம். அலுமினியத்துக்கு அது விஷம்.

கிம்பல் ஹவுசிங்கின் புது இணைப்பைப் பதினான்கு மாதம் கழித்துத் திறந்து பார்த்தோம். விளிம்பில் மெல்லிய வெள்ளைப் பொடி மறுபடியும் தொடங்கியிருந்தது, வாய் குறுகவில்லை. சுரண்டி, கிரீஸ் பூசி மாட்டினோம். அடுத்து திறக்கும் தேதியை 12 மாதம் என்று அட்டையில் எழுதி, எஞ்சின் மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம்.